புதுப்பிப்பு: அஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட் ஆடிப் பார்த்தாச்சு

பேட்மிண்டனில் ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) அடிப்பவர்களுக்கு யோனெக்ஸ் அஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட் மட்டை ஒத்துவருமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, 4யு எடையில் (80 முதல் 84 கிராம் வரை) வாங்கிவிட்டேன். மட்டையின் தலைப்பக்கம் பாரம் அதிகம், ஷாஃப்ட் (தண்டு) மெல்லியது, ஆனால் நல்ல விறைப்பு. இறகுப்பந்துக்குப் பின்னால் போய் நின்று, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டினால் ஸ்மாஷ் செங்குத்தாக இறங்குகிறது, அப்படி ஒரு சத்தம்! கால் பிந்தினால் மட்டும் கிளியர் (எதிராளியின் பின்கோடு வரை உயரமாக அனுப்பும் அடி) பாதிக் கோர்ட்டிலேயே விழுந்துவிடும்.

இரட்டையரில் உடம்பை நோக்கி வரும் அடிகளைத் தடுப்பதுதான் சிரமம். பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்ததும் கை வேகமாகத் திரும்புகிறது. அப்புறம், நரம்பின் இழுவையை 27 பவுண்டிலிருந்து 25க்குக் குறைத்தேன். நடுவில் படாத அடியும் இப்போது ஆழமாகப் போகிறது.

டென்மார்க் வீரர் விக்டர் ஆக்சல்சென் மாதிரி ஒற்றையரில் தாக்கி ஆடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். இரட்டையரில் பின்கோர்ட் ஆள் என்றால், அஸ்ட்ராக்ஸ் வரிசையின் இன்னொரு மட்டையான 88டி புரோவையும் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.