அப்பா இறந்த பிறகு பீரோவில் கிடைத்த ரசீதுகள்: வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் வரணும்?

பெரம்பூர்_பொண்ணு:
அப்பா ஆட்டோ ஓட்டினவர், 53 வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. பீரோவுல புடவைக்கு அடியில அம்மாவோட ஆரம், ரெண்டு வளையல் வெச்ச அடகு ரசீது. கூடவே ஒரு பையனோட ஸ்கூல் ஃபீஸ் ரசீது. தகப்பனார் பெயர்னு எங்க அப்பா பேரு. அந்தப் பையனைச் சொல்லாமலே வாரிசு சர்டிபிகேட் வாங்கிடலாம்னு சித்தப்பா சொல்றார். சரியா? வட்டிக்காரர் ஒருத்தர் வேற புரோநோட்டோட வந்து அம்மா கையெழுத்து கேக்கறார். ஆட்டோ வாசல்ல சும்மா நிக்குது.

தாலுக்கா_பக்கம்:
மறைக்காதீங்கம்மா. சித்தப்பா சொல்ற வழியில சர்டிபிகேட் சீக்கிரம் கிடைக்கும், நிக்காது. நாளைக்கு அந்தப் பையன் தரப்புல ஒரு ஆட்சேபணை மனு போட்டா ரத்தாகும். அதைக் காட்டி வாங்கின பணத்தையெல்லாம் பேங்க் திருப்பிக் கேக்கும். பொய் உறுதிமொழி குடுத்த கேஸ் தனி.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி (நீங்க இந்துன்னு வெச்சுக்கறேன்) முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், இறந்தவரோட அம்மா. இதுல பாட்டியைத்தான் பல பேர் விட்டுடறாங்க. உங்க அப்பாவைப் பெத்தவங்க உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. அம்மா இருக்கும்போதே நடந்த ரெண்டாவது கல்யாணம் செல்லாது, அந்தப் பெண்மணி வாரிசு கிடையாது. ஆனா அப்படி ஒரு கல்யாணம் நடந்திருந்தா, இந்து திருமணச் சட்டம் 16வது பிரிவுப்படி பையனுக்கு அப்பாவோட சொத்துல சம பங்கு உண்டு. அம்மா, பாட்டி, நீங்க, அண்ணன் ஒருத்தர் இருக்கார்னா அவர், அந்தப் பையன்: ஆளுக்கு ஐந்தில் ஒண்ணு.

மொதல்ல பையனோட பிறப்புச் சான்றிதழைப் பாருங்க, தகப்பன் பேரு அதுல என்ன இருக்குன்னு. ரெண்டு தரப்பும் பேசி ஒத்துப்போய் இ-சேவையில மனு போட்டா வட்டாட்சியர் விசாரிச்சுத் தருவார். தகராறுன்னு தெரிஞ்சா கோர்ட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. இன்னொண்ணு: பையன் மைனர்னா, நிலம் வீட்டுல அவன் பங்கை அவங்க அம்மா விடுதலைப் பத்திரம் (பங்கு வேணாம்னு விட்டுக்குடுக்கற பத்திரம்) எழுதிக் குடுத்தா செல்லும்னு நம்பிடாதீங்க. அதுக்குக் கோர்ட் அனுமதி வேணும்.

மீட்டர்_மேல:
எல்லாரும் பங்கைப் பேசறீங்க, வாசல்ல நிக்கற வண்டியை யாரும் பாக்கல. பர்மிட்காரர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு எழுத்துல சொல்லணும். சொன்னா 3 மாசம் வரைக்கும் அதே பர்மிட்ல ஓட்டலாம். அந்த 3 மாசத்துக்குள்ள ஆர்சி மாத்த ஃபாரம் 31, கூட பர்மிட் மாத்தற மனு. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தா அவங்க என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு குடுக்கற கடிதம்) இல்லாம நகராது. இன்சூரன்ஸையும் பேர் மாத்துங்க. விபத்துன்னு வந்தா முதல் கேள்வியே அதுதான். பதினாறு நாள் ஏற்கெனவே போயிடுச்சு, சர்டிபிகேட் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. இறப்புச் சான்றிதழ் மாநகராட்சி வெப்சைட்லயே இலவசமா இறக்கலாம், அதை வெச்சு இன்னிக்கே லெட்டர் குடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கிக்குங்க. அப்பா ஆட்டோ ஓட்டுநர் நலவாரிய உறுப்பினரான்னும் பாருங்க, இயற்கை மரணத்துக்கு உதவித்தொகை உண்டு.

வரவு_செலவு:
அம்மா எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. அப்பா கடனுக்கு, அவர் விட்டுட்டுப் போன சொத்து மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு. புது நோட்டுல அம்மா கையெழுத்து விழுந்தா அது அம்மாவோட சொந்தக் கடன். பழைய நோட்டை போன்ல படம் எடுத்துக்குங்க. தேதி என்ன, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல கையெழுத்து ஓடுதா, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து இருக்கா? நோட்டு தேதியிலிருந்தோ கடைசியா எழுதின வரவிலிருந்தோ 3 வருஷம் தாண்டியிருந்தா கோர்ட்ல நிக்காது. மிரட்டினா 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்துல ஸ்டேஷன்ல புகார் குடுங்க.

அடகு ரசீதுல தேதியைப் பாருங்க. வழக்கமா ஒரு வருஷம் 7 நாள் தவணை, அதுக்கப்புறம் ஏலம். சான்றிதழ் வர்ற வரைக்கும் வட்டியை மட்டும் கட்டி ரசீது வாங்கிட்டு வாங்க. ஆரம் அம்மாவோட சீர் நகைன்னா அது அப்பா சொத்தே இல்ல, பங்குல வராது. கல்யாண போட்டோ, நகைக்கடை பில் எதுவானாலும் எடுத்து வைங்க. அப்பாவோட ஏடிஎம் கார்டுல பணம் எடுக்காதீங்க, பின் நம்பர் தெரிஞ்சாலும்.

பெரம்பூர்_பொண்ணு:
பாஸ்புக்ல போன மே கடைசியில 436 ரூபாய்னு ஒரு பற்று, இன்னொண்ணு 20. என்ன அது?

வரவு_செலவு:
436 பிரதமரின் ஜீவன் ஜோதி, ஆயுள் காப்பீட்டுக்கான வருஷ பிரீமியம். எந்தக் காரணத்தால இறந்தாலும் 2 லட்சம், 55 வயசு வரைக்கும். அப்பா 53, அதனால உண்டு. 20 ரூபாய் சுரக்ஷா காப்பீடு, விபத்துக்கு மட்டும். அதே கிளையில கிளெய்ம் ஃபாரம், இறப்புச் சான்றிதழ், நாமினியோட பாஸ்புக் நகல் குடுக்கணும். அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க, நீங்க கூடப் போங்க. நாமினி பேரை கவுன்டர்லயே சத்தமாப் படிப்பாங்க.