‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ வேண்டாம், ‘ஊறும் ஆற்றல்’ என்போம்: ஒரு கலைச்சொல் பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெயில், காற்று போலத் தானே மறுபடி மறுபடி கிடைக்கும் ஆற்றலுக்கு ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று போன வாரம் நான் கேட்ட ஒற்றை வரிக் கேள்விக்கு வந்த மறுமொழிகளை எல்லாம் இரண்டு முறை படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுதாமல் ஒரே மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்புச் சன்னலில் நின்று பார்த்தாலே காற்றாலைகள் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள்: “காற்றாலைக்கு ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அது புதுப்பிக்கத்தக்க ஆற்றல்.” மதிப்பெண் போட மனம் வராமல் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். சொல்தான் அவளை ஏமாற்றிவிட்டது.

நம் வாழ்க்கையில் எதையெல்லாம் புதுப்பிக்கிறோம்? ஓட்டுநர் உரிமம், நூலக உறுப்பினர் அட்டை, காப்பீடு, பழைய வீடு, சிதைந்த கோபுரம். ஒவ்வொன்றிலும் முதலில் ஒன்று காலாவதியாகிறது அல்லது பழுதாகிறது. பிறகு ஓர் ஆள் போய், பணம் கட்டியோ உழைத்தோ அதைச் சரிசெய்கிறார். ‘புதுப்பி’ என்பதே பிறவினை, செய்பவர் ஒருவர் இல்லாமல் அந்த வினை நிற்காது. சூரியனை யார் புதுப்பிக்கிறார்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு யார் போய் முத்திரை குத்துகிறார்? அடுத்த வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு பையன் “மின்வாரியம்” என்றான். அவனும் சொல்லைத்தான் பின்பற்றினான்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> முப்பது ஆண்டுகளாகப் புழங்கும் சொல்லை இப்போது ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, இதற்கு முந்தைய சொல்லையும் நாம் கலைத்துத்தான் வந்திருக்கிறோம். 1992இல் மத்திய அரசு இதற்கென்று அமைத்த அமைச்சகத்தின் பெயர் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம். 2006இல்தான் அது ‘புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க’ என்று மாறியது. ‘மரபுசாரா’ என்ற சொல்லின் மேல் எனக்கு அன்றைக்கே வருத்தம் உண்டு. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் வெயிலை வைத்து உப்பு விளைவிப்பது மரபு இல்லையா? வடகம், வற்றல், கருவாடு எல்லாம் எந்த ஆற்றலில் காய்ந்தன? நம் மண்ணில் நிலக்கரி மின்சாரம்தான் நேற்று வந்தது, வெயிலும் காற்றும் பாட்டன் காலத்துச் சொத்து. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்ததால் பொருள் தலைகீழானது. அந்தச் சொல் போனதில் யாருக்கும் நட்டமில்லை, இதுவும் போகலாம்.

‘எரிசக்தி’யைப் பற்றியும் ஒரு வரி. எரிக்காமல் கிடைக்கும் மின்சாரத்துக்கு ‘எரி’ என்று முன்னொட்டுப் போடுவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அது துறையின் பெயராகவே நிலைத்துவிட்டது, அதில் இன்று கை வைக்கவில்லை.

> இலங்கையில் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி என்றே எழுதி வருகிறோம். இருநாட்டுக்கும் பொதுவாக அதையே எடுக்கலாமே?

பொதுச்சொல் வேண்டும் என்ற உங்கள் ஆசையில் எனக்கு முழு உடன்பாடு. நாங்கள் ஆற்றல், திறன் என்பதை நீங்கள் சக்தி, வலு என்கிறீர்கள். ஒரே கிலோவாட்டுக்கு இரண்டு பெயர் இருப்பது பிள்ளைகளுக்குச் சுமைதான். ஆனால் ‘மீள்’ என்றாலும் திரும்ப, ‘புதுப்பி’ என்றாலும் திரும்ப. இரண்டு முறை சொன்னதால் பொருள் தெளியவில்லை. பன்னிரண்டு எழுத்தைக் கடந்த பிறகும் அதே ஆள், அதே முத்திரை.

‘பசுமை ஆற்றல்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. அது நல்லது, கெட்டது என்ற தீர்ப்பைச் சொல்கிறது, எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அணு உலையில் புகை வராது. ஆனால் யுரேனியம் தோண்டி எடுப்பது, எடுத்தால் குறைவது. அது எந்தப் பக்கம் என்று மாணவர் கேட்டால் ‘பசுமை’ விடை தராது.

‘வற்றா ஆற்றல்’ என்று எழுதிய அம்மாவின் மடல்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அழகான சொல், இரண்டு நாள் அதிலேயே நின்றேன். பிறகு எங்கள் ஊர்க் காற்றாலைகளே என்னைத் திருத்தின. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, அந்தக் காலத்தில் அவை இரவும் பகலும் சுற்றும். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலிலும் அப்படித்தான், மே முதல் செப்டம்பர் வரைதான் காற்றுக்குக் கொண்டாட்டம். மார்கழியில் பாதி இறக்கைகள் அசையாமல் நிற்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சூரியனோ மாலை ஆறரைக்குப் போய்விடுகிறது. வற்றாது என்று நாம் வாக்குக் கொடுத்துவிட்டு, கண்ணெதிரே வற்றினால் என்ன பதில் சொல்வது? இன்னொன்றும் உண்டு. விறகும் இந்த வகையில்தான் வருகிறது. விறகு வற்றும், வெட்டிக்கொண்டே இருந்தால் காடே வற்றும்.

‘ஊறும் ஆற்றல்’ என்ற சொல் வகுப்பில்தான் கிடைத்தது, அதற்கு நான் உரிமை கொண்டாட முடியாது. விடைத்தாள் கதைக்கு மறுநாள், ஆற்றலை விட்டுவிட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசினேன். பாதிப் பிள்ளைகள் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். மாலையில் மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்துவிட்டால் காலையில் என்ன ஆகும் என்றேன். ஊறியிருக்கும் என்று வகுப்பே சொன்னது. எவ்வளவு ஊறும் என்றேன். எங்கள் கிணற்றில் இரண்டு முழம், எங்கள் கிணற்றில் அரை முழம்கூட ஊறாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊறுவதற்குள் மறுபடி இறைத்தால்? “மோட்டார் காற்று வாங்கும், ஐயா.” புதுப்பிக்கத்தக்க வளம் என்ற பாடம் முழுக்க அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் கரும்பலகையில் எழுதியது இவ்வளவுதான்: ஊறும் வேகம், இறைக்கும் வேகம்.

‘ஊறும்’ தன்வினை. யாரும் செய்ய வேண்டாம், தானே நடக்கும். அதே சமயம் அதற்கு ஓர் அளவு உண்டு என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கறந்த மடியில் பால் ஊறும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். ‘தொட்டனைத்தூறும் மணற்கேணி’ என்ற குறளை இந்த இடத்தில் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தோண்டிய அளவுக்கு ஊறும் என்கிறார் வள்ளுவர். சூரிய மின்சாரமும் பலகையை விரித்த அளவுக்குத்தான் வரும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இன்றைய சிலிக்கான் பலகை மின்சாரமாக்கும். மேகம், காலை, மாலை எல்லாம் கழித்து ஒரு கிலோவாட் பலகை நம் பக்கம் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 22 யூனிட். அப்படியானால் அந்த மோட்டாருக்கு ஐந்தரைக் கிலோவாட் பலகை ‘ஊற’ வேண்டும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான் சொல்லித்தராமலே போட்டார்கள், கிணற்றுக் கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

விறகுக்கு வந்தபோதுதான் இந்தச் சொல்லின் உண்மையான பலம் எனக்கே தெரிந்தது. சீமைக்கருவேலை வெட்டினால் சில ஆண்டுகளில் மறுபடி புதர் மண்டிவிடும். பனையை வெட்டிச் செங்கல் சூளையில் போட்டால், அந்த இடத்தில் இன்னொரு பனை நிற்க ஒரு தலைமுறை வேண்டும். இரண்டும் விறகுதான். ஆனால் நாம் எரிக்கிற வேகத்துக்கு ஒன்று ஊறும், மற்றொன்று ஊறாது. ‘புதுப்பிக்கத்தக்க’ என்று ஒரு பட்டியலில் அடைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஊறும் என்றால் “எவ்வளவு வேகமாக?” என்று நாக்கு தானாகக் கேட்கிறது. ஒரு மாணவன் இன்னும் ஒரு படி போனான்: சதுப்பு நிலத்தில் இன்றைக்கும் நிலக்கரி ஊறத் தொடங்கியிருக்கலாமே என்றான். இருக்கலாம்தான். நெய்வேலியில் நாம் ஒரு நாளில் தோண்டுவது ஊறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன என்று சொன்னேன். அதனால் எதிர்ச்சொல் ‘ஊறா ஆற்றல்’ என்பது அறவே ஊறாது என்ற பொருளில் இல்லை, நம் காலத்துக்குள் ஊறாது என்ற பொருளில் என்பதை விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

தடைகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ‘ஊறு’ என்றால் கேடு, ‘ஊறு விளைவித்தல்’ என்று எழுதுகிறோம். எனவே ‘ஊறாற்றல்’ என்று வினைத்தொகையாகச் சுருக்கவே கூடாது, பெயரெச்சமாக ‘ஊறும் ஆற்றல்’ என்றே நிற்கட்டும். ‘ஊறல்’ என்றால் செய்தித்தாளில் சாராய ஊறல் அழிப்புதான் நினைவுக்கு வரும், அதையும் தவிர்க்க வேண்டும். எறும்பு ஊரும், கிணறு ஊறும்: இடையின ரகரமும் வல்லின றகரமும் குழம்பும் பிள்ளைகள் ‘ஊரும் ஆற்றல்’ என்று எழுதுவார்கள், எழுதிவிட்டார்கள். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை, கரும்பலகையில் பெரிதாக எழுதுவதைத் தவிர. ‘சுரக்கும் ஆற்றல்’ இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். ஆனால் உயிரியலில் சுரப்பியும் சுரப்பும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

> வரவு ஆற்றல், இருப்பு ஆற்றல் என்று இணையாக வைத்தால் என்ன?

வீட்டுக் கணக்கு மொழியில் சிந்தித்திருக்கிறீர்கள், மிகவும் பிடித்தது. நிலக்கரி பெட்டியில் இருக்கும் பணம், வெயில் அன்றாடக் கூலி. வகுப்பில் விளக்கும்போது இதைக் கட்டாயம் சொல்வேன். கலைச்சொல்லாக வைத்தால் ‘இருப்பு ஆற்றல்’ மின்கலத்தில் சேர்த்து வைத்த ஆற்றலோடு குழம்பும், ‘நிலை ஆற்றல்’ என்று இயற்பியலில் இருப்பதும் பக்கத்திலேயே நிற்கிறது. காடம்பாறை நீரேற்று நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மெகாவாட் நிலையம், கீழே விட்ட நீரை மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றி வைக்கிறது. அது இருப்புதான், ஆனால் நிலக்கரியின் கூட்டாளி இல்லை. ஏற்றுவதற்கான மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது ஊறியதா ஊறாததா என்று சொல்ல முடியும்.

சூரியப் பலகையில் வெயிலை மின்சாரமாக்கும் உறுப்புக்கு வைத்த ‘ஒளிமின்கலம்’ என்ற பெயர் பற்றி ஒருவர் எழுப்பிய ஐயம் மிகச் சரி. கலம் என்றால் பாத்திரம், ஆகவே பகலில் நிரம்பி இரவில் கொடுக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதில் ஒரு துளி மின்சாரமும் தங்குவதில்லை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

தேர்வில் பாடநூல் சொல்லையே எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும், பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்துச் சோதனை செய்ய மாட்டேன். ஜூனில் வகுப்பு தொடங்கும்போது ‘ஊறும் ஆற்றல்’ என்று சொல்லித்தந்து, “பாடநூலில் இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பார்கள்” என்று அடுத்த வரியில் சேர்க்கப்போகிறேன். உங்களில் வகுப்பு எடுப்பவர்கள் யாராவது இதையே செய்து, பிள்ளைகள் என்ன தவறு செய்கிறார்கள் என்று எழுதினால் பேருதவி. சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே வேண்டும்.

யாழ்ப்பாண நண்பரிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றை நம்பித்தான் தோட்டம். இறைத்த கிணறு விடியும்போது மட்டம் ஏறி நிற்பதை அங்கே ‘ஊறுதல்’ என்றுதான் சொல்வார்களா, வேறு சொல் உண்டா? தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும் சொல் வேறாக இருந்தால், அதையும் வைத்துக்கொண்டு மறுபடி பேசுவோம்.

அன்புடன்,
உடுமலையிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர்