பழைய சிங்கர் 15: துணிக்கு அடியில் நூல் சுருண்டு தொங்குகிறது, டென்ஷன் நிற்கவில்லை

கேள்வி

கால் மிதியில் ஓடும் பழைய சிங்கர் தையல் மெஷின், 15 வகை. பின்தையல் கிடையாது. டென்ஷன் (மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு) இடது ஓரத்து முகத்தகட்டில் இருக்கிறது. எண் போட்ட டயல் இல்லை. தேன்கூடு வடிவ ஸ்பிரிங்கும் அதன்மேல் ஒரு நட்டும்தான். பல வருடம் சும்மா கிடந்த மெஷின். எண்ணெய் விட்ட பிறகு சக்கரம் லகுவாகச் சுற்றுகிறது. தைத்தால் மேல்பக்கம் ஓரளவு நன்றாகத் தெரிகிறது, அடியில் சுருள் சுருளாக நூல் தொங்குகிறது. நாலைந்து அங்குலத்தில் சிக்கு விழுந்து நின்றுவிடுகிறது. நட்டைக் கடைசி வரை திருகியும் மாற்றமில்லை. ஊசி 14, சாதாரண பாலியஸ்டர் நூல். பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் உறை) திருகை இறுக்குவதா, தளர்த்துவதா?

பதில் 1

அந்தத் திருகை இப்போது தொடாதீர்கள். அடியில் சுருள் விழுந்தால் கோளாறு மேல் நூலில். மேல் நூலுக்குப் பிடிமானம் இல்லாததால் அடி நூல் அதைத் தேவைக்கு மேல் கீழே இழுத்துக்கொள்கிறது. அடி நூல் சரியில்லை என்றால் அதன் முடிச்சுகள் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். உறுதி செய்ய மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று ஒரே தடிமனில் இரண்டு நிற நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள்.

அடுத்து, நூல் கோக்கும்போது அழுத்திப் பாதத்தைத் தூக்கி வையுங்கள். அப்போதுதான் மேல் நூலை நடுவில் அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் வட்டுகள் விரியும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் வட்டுகளுக்கு நடுவில் போகாமல் விளிம்பிலேயே தங்கிவிடும். பிறகு நட்டை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஊசியில் கோக்குமுன் நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். பாதம் மேலே இருந்தால் தடையில்லாமல் வர வேண்டும், இறக்கினால் நன்றாகப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு நிலைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

ஊசியையும் பார்த்துவிடுங்கள். 15 வகையில் ஊசியின் தட்டைப் பக்கம் இடதுபுறம், நீளப் பள்ளம் வலதுபுறம், நூல் வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். மற்ற பல மெஷின்களுக்கு இது நேர்மாறு என்பதால் இங்கே தவறுவது சகஜம். ஊசி 15x1 வகை. இன்று 130/705 H என்று வருவதும் பொருந்தும்.

பதில் 2

மேலே சொன்னதோடு, பாபின் பக்கத்தில் திருகைத் தொடாமலே பார்க்கக்கூடியவை சில உண்டு.

பாபின் 15 வகையாக இருக்க வேண்டும்: இரண்டு பக்கமும் தட்டை, விட்டம் ஏறக்குறைய 20 மி.மீ. சிங்கரின் இன்னொரு வகையான 66-இன் பாபினும் கிட்டத்தட்ட அதே விட்டம்தான், ஆனால் பக்கங்கள் லேசாகக் குவிந்திருக்கும். கேஸுக்குள் உட்கார்ந்துவிடும், ஆனால் ஆடும், இழுவை ஒரே சீராக வராது.

கேஸின் திறந்த பக்கம் உங்களைப் பார்க்க வைத்து நூலை இழுத்தால் பாபின் கடிகாரச் சுற்றில் சுழல வேண்டும். நூல் விளிம்புப் பிளவில் நுழைந்து, பின்னோக்கித் திரும்பி, தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் போக வேண்டும். அந்த ஸ்பிரிங்குக்கு அடியில் சேரும் பஞ்சு ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடித்து இழுவையைக் கெடுக்கும். மடித்த தாளின் மூலையை உள்ளே விட்டு எடுங்கள். ஊசி முனையால் கிண்டினால் கீறல் விழும், பிறகு நூல் அங்கேதான் அறுபடும்.

ஷட்டிலையும் (பாபின் கேஸைச் சுற்றி ஆடி மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி) கழற்றி, அது ஓடும் தடத்தைத் துடைத்துவிடுங்கள். அறுந்த நூல் துண்டு ஒன்று பின்னால் சிக்கியிருந்தாலே இப்படிச் சிக்கு விழும். திரும்ப மாட்டும்போது கேஸின் விரல் பள்ளத்தில் விழுந்து 'டக்' என்று உட்கார வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஊசி சரியாகத்தான் இருக்கிறது. ஷட்டில் தடத்தில் நிறையப் பஞ்சு இருந்தது, எடுத்துவிட்டேன். ஆனால் பாதம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் மேல் நூல் ஒரே மாதிரி தளர்வாக வருகிறது. உற்றுப் பார்த்தால் பாதம் இறங்கிய பிறகும் வட்டுகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது.

பதில் 3

அப்படியானால் கிட்டத்தட்ட உறுதி: விடுவிப்பு முள் இறுகியிருக்கிறது. டென்ஷன் தண்டின் நடுவே துளையிட்டு ஒரு சிறு முள் ஓடும். பாதத்தைத் தூக்கும்போது உள்ளிருக்கும் நெம்பு அந்த முள்ளை வெளியே தள்ளும், முள் அழுத்தும் வட்டை நகர்த்தும், நூல் விடுபடும். வருடக்கணக்கில் கிடந்த மெஷினில் பழைய எண்ணெய் கோந்தாக இறுகி, முள் வெளியே தள்ளிய நிலையிலேயே நின்றுவிடும். நட்டைக் கடைசி வரை திருகியும் பலனில்லாததற்கு இதுதான் காரணம்.

வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் வந்த வரிசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு, தேன்கூடு ஸ்பிரிங், நடுவில் குறுக்குப் பட்டை உள்ள அழுத்து வட்டு, பிறகு இரண்டு டென்ஷன் வட்டுகள். முள் மிகச் சிறியது, தானே நழுவி விழும். முதலில் அதைக் கவனியுங்கள். அது தொலைந்தால் பாதம் தூக்கியும் நூல் விடாது, தைத்த துணியை வெளியே எடுக்கும்போது ஊசி வளையும்.

முள்ளையும் தண்டின் துளையையும் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துத் துடையுங்கள். முள் தன் எடையிலேயே உள்ளே போய் வர வேண்டும். வட்டுகளையும் மண்ணெண்ணெயில் துடைத்து முழுக்க உலர விடுங்கள். வட்டுகளுக்கு நடுவில் எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. துரு இருந்தால் உலோகப் பாலிஷ் போட்டு, விரல் நகம் தடுக்காத அளவுக்கு வழவழப்பாக்குங்கள்.

மாட்டும்போது இரண்டு வட்டுகளின் குவிந்த முகங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அழுத்து வட்டின் குறுக்குப் பட்டை தண்டின் பிளவுக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அழுத்தம் வட்டுகளுக்குப் போய்ச் சேராது. தைக்கத் தைக்க நட்டு தானாகக் கழன்று வந்தால், தண்டின் பிளவில் திருப்புளி முனையை வைத்து மிக லேசாக விரித்துவிடுங்கள், நட்டு நின்ற இடத்தில் நிற்கும்.

பதில் 4

முள் ஓட ஆரம்பித்த பிறகு சமன் செய்யும் முறை இது. முதலில் அடி நூலை நிலைப்படுத்துங்கள், அதன் பிறகு மேல் நட்டை மட்டும் திருப்புங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டால் எது எதனால் ஆனது என்றே தெரியாமல் போகும்.

நிரம்பிய பாபினோடு கேஸை நூல் நுனியில் தொங்க விடுங்கள். தன் எடையில் இறங்காமல் நிற்க வேண்டும், கையை ஒரு வெட்டு வெட்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி வந்தால் திருகுக்கு வேலையே இல்லை. வராவிட்டால், ஸ்பிரிங்கின் நடுவில் உள்ள பெரிய திருகை, இப்போதுள்ள நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அரைக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ஓரத்துச் சிறிய திருகு ஸ்பிரிங்கைப் பிடித்து நிற்பது, அதை விட்டுவிடுங்கள்.

வட்டுகளுக்குப் பக்கத்தில் கம்பியாக நிற்கும் சிறு ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஊசி இறங்கி அதன் முனை துணியைத் தொடும் வரை அது நூலைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். வளைந்தோ ஒடிந்தோ இருந்தால் நட்டு சரியாக இருந்தும் தையல் சீராக வராது, மாற்றத்தான் வேண்டும்.

பிறகு இரண்டடுக்குப் பருத்தித் துணியில் மூலைவாட்டில் (நெசவுக்குச் சாய்வாக) தைத்து, இரு முனையையும் பிடித்துச் சட்டென இழுங்கள். எந்த நிறம் அறுகிறதோ அதுதான் அதிக இறுக்கம். மேல் நூல் அறுந்தால் நட்டைத் தளர்த்துங்கள், அடி நூல் அறுந்தால் நட்டை இறுக்குங்கள். இரண்டும் தாங்கினாலோ சேர்ந்தே அறுந்தாலோ சரி. நூலின் தடிமனோ துணியோ மாறும்போது இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அப்போதும் நட்டுதான், பாபின் கேஸ் அல்ல.