ஓட்டு வீட்டுப் பனங்கையில் கரையான்: மருந்தடிக்காமல் வழி உண்டா?

கேள்வி: மண்சுவர், நாட்டு ஓடு. சுவரோரமாகக் கரையானின் மண்கோடு ஏறிப் பனங்கை (ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டம்) வரை போயிருக்கிறது. தட்டிவிட்டு வேப்பெண்ணெய் பூசினால், திரும்பவும் கட்டிவிடுகிறது. வேறென்ன செய்யலாம்?

பதில் 1: வேப்பெண்ணெய் விரட்டும், கூட்டைக் கொல்லாது, மணம் போனதும் வந்துவிடும். முதலில் ஈரத்தை நிறுத்துங்கள். ஓட்டு ஒழுகல், சுவரை ஒட்டிய குளியல் தண்ணீர், சாய்த்து வைத்த விறகு, இந்த மூன்றும் இருக்கும்வரை எதைப் பூசினாலும் வீண். கூரைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் தரைக்கு வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள்.

பதில் 2: மரத்துக்கு வெண்காரம் (போராக்ஸ்) நல்லது. ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் கரைத்து, சூடாக இருக்கும்போதே பூச வேண்டும். ஆறினால் அடியில் படிந்துவிடும். பழைய பெயின்ட், எண்ணெய்ப் பூச்சு இருந்தால் உள்ளே இறங்காது, சுரண்டிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை, குறிப்பாக வெட்டுமுனையிலும் சுவருக்குள் போகும் நுனியிலும். நனையும் இடத்தில் கரைந்து போய்விடும் என்பதால், காய்ந்தபின் மேலே வார்னிஷ் அவசியம். குழந்தைகள், ஆடுமாடு வாய்க்கு எட்டக்கூடாது.

பதில் 3: முந்திரிக்கொட்டையின் மேலோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் பூசலாம். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்து கொப்புளம் வரும். கம்பால் குத்திப் பாருங்கள். உள்ளே பொள்ளலாக இருந்தால் பூச்சு எதற்கு, பனங்கையை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது வைரம் பாய்ந்த கறுப்பு மரமாகப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: குளியல் தண்ணீர் அந்தச் சுவரடியில்தான் போகிறது. வாய்க்காலைத் திருப்பிவிடுகிறேன்.