மணத்துணை விசா: ஏஜெண்ட் சொல்வது உண்மையா என்று பிரிட்டன் அரசையே கேட்கலாமா?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். தங்கை பிரிட்டனில் தாதியாக இருக்கிறாள், நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் உண்டு. மாப்பிள்ளை நம் தோட்டத்துப் பையன்தான், இப்போது ஈப்போவில் வேலை. தைப்பூசம் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

டவுனில் ஒரு ஏஜெண்டைப் பார்த்தோம். காகிதத்தில் 38,700 பவுண்டு என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். "துணையை அழைக்கிறவங்களுக்கு இருக்க வேண்டிய வருஷ வருமான வரம்பு அடுத்த மாதம் இதுக்கு ஏறுது. அதுக்குள்ள ஃபைல் போடணும், முன்பணம் கட்டிடுங்க" என்கிறார். தங்கையின் சம்பளம் ஆண்டுக்கு 31,000 பவுண்டு சொச்சம்தான். அம்மா அந்தக் காகிதத்தைச் சாமி மேடையில் வைத்துவிட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

நேராக அந்த அரசாங்கத்துக்கே எழுதிக் கேட்க வழி உண்டா? நாம் அந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே. கட்டணம் எவ்வளவு? மாப்பிள்ளை சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாமா?

கம்பார் பையன்:
ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்க அண்ணே, 10 ரூபாய்தான்.

முன்னாள் கிராணி:
தம்பி, அது இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் இருக்கும் தகவல் சட்டங்கள் மாநில அலுவலகங்களோடு நின்றுவிடும். இவருக்குத் தேவை பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம். அதில் குடியுரிமைக் கேள்வியே கிடையாது, சுங்கை சிப்புட்டில் இருந்தும் கேட்கலாம். உள்துறை அமைச்சுக்கு ஒரு இமெயில் போதும். உண்மைப் பெயரும் பதில் வர ஒரு முகவரியும் வேண்டும், அந்த இமெயில் முகவரியே சரி. சாதாரணக் கேள்விக்குக் கட்டணம் வாங்க மாட்டார்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

லீட்ஸ் தம்பி:
முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள் அண்ணே. 2012 ஜூலையிலிருந்து 18,600 பவுண்டாக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. அடுத்து 34,500, பிறகு 38,700 என்று ஏற்றுவதுதான் அப்போதைய அரசின் திட்டம். 2024 ஜூலையில் வந்த புது அரசு அதை நிறுத்திவைத்து, குடியேற்ற ஆலோசனைக் குழுவிடம் ஆய்வு கேட்டது. அறிக்கை 2025 ஜூனில் வெளியானது. உங்கள் ஏஜெண்ட் காட்டுவது அந்தப் பழைய எண்.

இன்னொன்று, இந்த விதி ஏஜெண்ட் வாயால் மாறாது. விதிமாற்ற அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், வழக்கமாக 21 நாளுக்கு முன்பே வைப்பார்கள். அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

மாப்பிள்ளையின் ஈப்போ சம்பளம் கணக்கில் வராது. மலேசியாவிலிருந்து விண்ணப்பிக்கும்போது தங்கையின் வேலை வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும், உங்களுக்கு அது தேவைப்படாது.

கோலகங்சார் அக்கா:
மாப்பிள்ளைக்கு 21 வயது ஆயிடுச்சா? எங்க சொந்தத்தில் ஒரு பெண்ணை 2009இல் வயது பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

முன்னாள் கிராணி:
அக்கா சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. 2008 நவம்பரில் 18ஐ 21 ஆக்கினார்கள், கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். 2011 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்ப வாழ்வுக்கான உரிமையை இப்படிப் பறிக்க அரசு காட்டிய ஆதாரம் போதாது என்றது. இப்போது 18 போதும்.

செம்பனைக்காரன்:
மாப்பிள்ளைக்கு 27 அக்கா. கிராணி அண்ணே, இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்: "ஐயா, வருமான வரம்பை ஏன் இவ்வளவு உயர்த்தினீர்கள்? மேலும் உயர்த்தப் போகிறீர்களா? தாதி வேலை செய்யும் என் தங்கைக்கு விசா கிடைக்குமா?"

முன்னாள் கிராணி:
இதை அனுப்பினால் பதமான நாலு வரி வரும், உள்ளே சரக்கு இருக்காது. அவர்கள் கையில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான் இந்தச் சட்டப்படி தர வேண்டும். கருத்துச் சொல்லவோ, தங்கைக்குக் கிடைக்குமா என்று ஆருடம் பார்க்கவோ கடமை இல்லை. தோட்ட ஆபீசில் "ஏன் சம்பளம் குறைந்தது" என்று நின்றால் பேச்சுத்தான் மிஞ்சும், "போன மாதச் செக்ரோலை, அதாவது சம்பளப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றால் புத்தகம் வெளியே வரும். அதே மாதிரி தாளைக் கேளுங்கள்.

மலேசியர் எத்தனை பேருக்கு மணத்துணை விசா கிடைத்தது என்று கேட்க வேண்டாம். நாட்டுவாரியாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்துறை அமைச்சே வெளியிடுகிறது, "அங்கே போய்ப் பாருங்கள்" என்பார்கள். அதில் வராததைக் கேளுங்கள். இப்படி:

"2024 ஏப்ரல் 11 முதல் இன்று வரை, மலேசியக் கடப்பிதழுடன் வெளிநாட்டிலிருந்து மணத்துணை விசாவுக்கு விண்ணப்பித்து, வருமான வரம்பை எட்டாத காரணத்தால் மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. மேலும், 29,000 என்ற வரம்பை முடிவு செய்தபோது பயன்படுத்திய புள்ளிவிவரங்கள். செலவு வரம்பைத் தாண்டினால் கேள்வியை எப்படிச் சுருக்கலாம் என்று சொல்லவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு கேள்விக்கு 600 பவுண்டுக்கு மேல், அதாவது மணிக்கு 25 பவுண்டு வீதம் 24 மணி நேர வேலைக்கு மேல் ஆகும் என்றால் மத்திய அரசு அமைச்சு மறுக்கலாம். மறுப்புக் காரணத்தை ஃபைல் ஃபைலாகத் திறந்துதான் எண்ண வேண்டும் என்றால் அங்கேதான் இடிக்கும். ஆனால் வழிகாட்டுவதும் அவர்கள் கடமை.

"கொள்கை வகுக்கும் கட்டத்தில் இருக்கிறது" என்றும் மறுக்கப் பார்ப்பார்கள். முடிவு எடுத்தாகிவிட்டால், அதற்குப் பயன்பட்ட புள்ளிவிவரத்துக்கு அந்தச் சாக்குச் செல்லாது. அதனால்தான் இரண்டாவது கேள்வி 29,000 பற்றி, வரப்போகும் எதைப் பற்றியும் இல்லை.

லீட்ஸ் தம்பி:
எண்ணிக்கை ரொம்பச் சின்னதாக இருந்தால், ஆளை அடையாளம் காண முடியும் என்று மறைப்பதும் உண்டு. அப்படி வந்தால் நாட்டை எடுத்துவிட்டு மொத்தமாகக் கேளுங்கள்.

செம்பனைக்காரன்:
அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லை. பதில் திருப்தியாக இல்லையென்றால்?

முன்னாள் கிராணி:
முதலில் அதே அமைச்சிடம் உள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் சரியில்லை என்றால் தகவல் ஆணையரிடம் புகார், அதற்கும் காசு இல்லை. அந்த 20 நாளில் சனி, ஞாயிறு, அங்குள்ள பொது விடுமுறை எதுவும் சேராது, கிறிஸ்துமஸ் நேரம் என்றால் இழுக்கும். அதுவரை தங்கையின் ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் அதே மாதங்களின் பேங்க் கணக்கையும் எடுத்து வையுங்கள், விசாவுக்கு அவையும் வேண்டும்.