மகளின் கழுத்துக் கட்டியே அவளுடைய தைராய்டாக இருந்தால் அதை அகற்றலாமா?

தண்டையார்பேட்டைத் தாய்:
வணக்கம். என் மகளுக்கு 11 வயது. குரல்வளைக்குச் சற்று மேலே, கழுத்தின் நடுவில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. வலி இல்லை, விழுங்கும்போதும் நாக்கை நீட்டும்போதும் மேலேறுகிறது. எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தொட்டுப் பார்த்தவுடன் பிறவி நீர்க்கட்டி என்று சொல்லி, ஸ்கேன் எதுவும் எடுக்காமலே அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். மனம் ஒப்பாமல் வெளியில் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். கட்டிக்குள் நீர் இல்லை, திடமான திசுவாக இருக்கிறது, தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 18, இயல்பைவிட அதிகம். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம் என்பதை இதுவரை பரம்பரை என்றே எண்ணியிருந்தோம். குறித்த நாளில் அறுவைக்குப் போகலாமா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்:
அம்மா, அறுவையைத் தள்ளிவையுங்கள். தைராய்டு கருவில் நாக்கின் அடியில் தோன்றி, கழுத்தின் நடுக்கோட்டில் கீழிறங்கி, ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் மூச்சுக்குழாயின் முன்னே வந்து அமர்கிறது. அந்த இறக்கம் பாதியில் நின்றுபோனால் சுரப்பி நாக்கின் அடியிலோ, குரல்வளைக்கு மேலுள்ள ஹையாய்டு எலும்பின் அருகிலோ தங்கிவிடுகிறது. அதே பாதையில் மிஞ்சிய குழாயிலிருந்துதான் நீர்க்கட்டியும் உருவாகிறது என்பதால், இரண்டும் ஒரே இடத்தில் இருந்து ஒரே மாதிரி அசைகின்றன; கை வைத்துப் பார்த்து மட்டும் பிரித்தறிய இயலாது. நீர்க்கட்டியாக இருந்தால் ஹையாய்டின் நடுப்பகுதியோடு அகற்றும் சிஸ்ட்ரங்க் அறுவையே உரிய சிகிச்சை. உங்கள் மகளுக்கோ அந்தக் கட்டி ஒன்றே தைராய்டாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

இதை உறுதிசெய்ய, சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் டெக்னீசியம் ஸ்கேன் எடுக்க வேண்டும். செயல்படும் தைராய்டு திசு உடலில் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிடும். இடம் மாறிய சுரப்பியால் தேவையான அளவு ஹார்மோன் சுரக்க முடியாதபோது மூளையடிச் சுரப்பி டி.எஸ்.எச்.ஐக் கூட்டுகிறது, அந்தத் தூண்டுதலால்தான் கட்டியும் பெருக்கிறது. தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை இந்த இரண்டையும் சேர்த்தே சரிசெய்யும்: குறைபாடு நீங்கும், டி.எஸ்.எச். இறங்க இறங்கக் கட்டியும் பல மாதங்களில் மெல்லச் சுருங்கும், முழுவதும் மறையாமலும் போகலாம். மூச்சுத்திணறல், விழுங்கத் தடை, இரத்தக் கசிவு, புற்றுநோய் ஐயம் ஆகியவை இருந்தால் மட்டுமே அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். அவளுடைய உயரத்தையும் எடையையும் இன்றே குறித்துவையுங்கள். ஹார்மோன் குறைவால் வளர்ச்சி தடைபட்டிருந்தால் சிகிச்சைக்குப் பின் அது தெரியவரும்.

இராயபுரம் வாசகி:
என் தங்கைக்கு இதே கட்டியை ஸ்கேன் இன்றி எடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் முகம் வீங்கி, குரல் தடித்து, நாளெல்லாம் உறங்கத் தொடங்கினாள். எடுத்தது அவளுடைய ஒரே தைராய்டு என்பது திசுப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் மாத்திரையை நம்பியிருக்கும் நிலைக்கு அவளை ஒரே நாளில் தள்ளிவிட்டார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள், சகோதரி.

தண்டையார்பேட்டைத் தாய்:
மிக்க நன்றி. அந்த ஸ்கேனில் செலுத்தும் கதிரியக்க மருந்து குழந்தைக்குத் தீங்கு செய்யாதா, ஐயா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்:
அளவு மிகக் குறைவு, எடைக்கேற்ப மேலும் குறைப்பார்கள். அதன் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். தைராக்சின் தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். புறநோயாளிகள் பிரிவில் அறிக்கைகளைக் காட்டி, எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள்.

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்:
மாத்திரை தொடங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள், அம்மா. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பாலோ காலை உணவோ தர வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையும், கால்சியம் மாத்திரையும் இதன் உறிஞ்சலைத் தடுக்கும் என்பதால் குறைந்தது 4 மணி நேர இடைவெளி தேவை. வகுப்பாசிரியரிடம் இதைச் சொல்லிவையுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்களில் டி.எஸ்.எச். மறுபடி பார்த்து அளவைத் திருத்துவார்கள்.