மணியை ஜெர்மனிக்கு அழைத்துச் செல்ல வழி சொல்லுங்கள்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் வசிக்கும் நாங்கள் பணி நிமித்தம் ஜெர்மனிக்குக் குடிபெயர இருப்பதால், எங்கள் நாய் மணியையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அப்பத்தா காலமான பிறகும் வளவில் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) அவர் உட்காரும் தூணடியில், அதே ஆத்தங்குடிக் கல்லின் மேல்தான் தினமும் போய்ப் படுக்கிறான். அவனை விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதலில் 15 இலக்க அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்தி, அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து எடுக்கும் இரத்த மாதிரியில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அளவாவது இருப்பதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் உறுதிசெய்ய வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். மணிக்கோ ஊசி போட்டு ஒரு வாரம் கழித்தே சிப் பொருத்தினார்கள். அதனால் அந்த ஊசி கணக்கில் சேராமல், மறுபடியும் போட்டிருக்கிறோம்.

இரத்தத்திலிருந்து சீரத்தை (தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்து, குளிர்நிலை கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பித் தரும் கால்நடை மருத்துவர் காரைக்குடி, மதுரை, திருச்சி பக்கம் இருந்தால் தெரிவியுங்கள். உடல்நலச் சான்றிதழ் வழங்கப்பட்ட 10 நாளுக்குள் அங்கே போய் இறங்க வேண்டும் என்பதால், சென்னையில் அதைப் பெற எத்தனை நாள் முன்னதாகப் புறப்படுவது நல்லது என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.